ஹரிபாபுவுக்கு ஓர் இலை

வரதய்யபாளையம்
24-10-2025

அன்பு மருமகள் ஜெசிந்தாவுக்கு அத்தை எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் பேத்தி ஜோஷிதாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியைச் சின்னவன் சுதீர் கேட்டுச் சொல்கிறான். அவன் நடுவில் எதற்கு என்றுதான் காகிதம். அவன் தெலுங்குப் பள்ளியில் படித்தவன், நம் கடிதத்தைப் பிரித்தாலும் ஓர் எழுத்து புரியாது.

தீபாவளிக்கு நீ அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டேன். "உன் கிறிஸ்டியன் மருமவ தீவாளிக்குப் பொடவ குடுக்கறாளா?" என்று பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி கேட்டாள். "பெரியவன் செத்துப் பூட்ட வூட்டுல அவதான் எனக்குப் புள்ள" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

போன வருடம்போலவே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திருப்பதி பஸ் ஏறிவிடுவேன். கேக் வேண்டாம், முட்டை நாற்றம் எனக்கு ஆகாது. உங்கள் சர்ச்சில் முட்டி போடவும் முடியாது. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

சங்கராந்திக்கு நீங்கள் இருவரும் இங்கே. செத்தவர்களுக்குப் படைக்கும்போது ஹரிபாபு இலைக்கு ஜோஷிதாதான் தண்ணீர் சுற்ற வேண்டும். படையலில் வைக்க அவனுக்குச் சட்டை எடுக்கணும். நாற்பதா, நாற்பத்திரண்டா? மூன்று வருடம் ஆவதற்குள் பெற்றவளுக்கே மறந்துபோகிறது பார்.

உன் அத்தை,
கிருஷ்ணம்மா


திருப்பதி
3-11-2025

அன்புள்ள அத்தைக்கு, ஜெசிந்தாவின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. சட்டை நாற்பத்திரண்டு.

நேற்று எங்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எனக்குப் போக ஒரு கல்லறை இல்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியின் அப்பா கல்லறையில் போய் நின்றோம். ஜோஷிதா என் கையைப் பிடித்து இழுத்து, நம் அப்பாவின் கல் எங்கே என்று தெலுங்கில் கேட்டாள். சத்தமாகவே கேட்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். உங்கள் மகன் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே ஞானஸ்நானம் வாங்கிவிட்டார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் பாதிரியாரிடம் போனார். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்றார். ஒவ்வொரு சங்கராந்திக்கும் சொல்லத்தான் கிளம்புவார். நீங்கள் மாமாவுக்குப் படைத்துவிட்டு அவர் நெற்றியில் குங்குமம் வைப்பீர்கள். குனிந்து வாங்கிக்கொள்வார். திரும்பும்போது காளஹஸ்தி தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார்.

லாரி மோதிய அன்று சுதீர்தான் உடலை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். ஏரிக்கரையில் விறகு அடுக்கினார்கள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். எப்படிச் சொல்வேன்?

இப்போது ஒன்று கேட்கிறேன். அவரை எரித்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் கொடுங்கள். இங்கே கல்லறைத் தோட்டத்தில் அதைப் புதைத்து, மேலே சின்னதாக ஒரு கல் வைக்கிறேன். சங்கராந்திப் படையல் எப்போதும்போல நடக்கட்டும், ஜோஷிதா தண்ணீர் சுற்றட்டும். நான் எதற்கும் குறுக்கே வரமாட்டேன்.

கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள். அவரைத் திட்டாதீர்கள்.

உங்கள்
ஜெசிந்தா


வரதய்யபாளையம்
16-11-2025

ஜெசிந்தாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன்.

போன கிறிஸ்துமஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, என் பிள்ளையை எங்கிருந்தாலும் நல்லபடி வை என்று உன் சாமியிடம் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியும். அந்தச் சாமிக்கும் தெரியும். பெற்றவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

என்னிடம் சொல்ல அவனுக்கு என்ன பயம்? அடித்திருப்பேனா? அழுதிருப்பேன். ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்திருப்பேன். மூணாம் நாள் அவனே வந்து, "எந்திரிம்மா, துன்னு" என்று ஊட்டியிருப்பான். அவ்வளவுதானே? அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டான். நீயும் பார்த்துக்கொண்டு இருந்தாய்.

இதில் மண் வேறு கேட்கிறாய்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. சங்கராந்திக்கு நீயும் வராதே.

கிருஷ்ணம்மா


திருப்பதி
28-12-2025

அன்புள்ள அத்தைக்கு,

வரமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் இருபத்து நாலாம் தேதி காலையில் ஜோஷிதாவும் நானும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். உங்கள் ஊர்ப் பக்கமிருந்து நாலு பஸ் வந்து போனது. ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தாள். பிறகு, "ஆயாவுக்கு நம்ம மேல கோவமா?" என்றாள். கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முட்டை போடாமல் உங்களுக்காகச் செய்த கேக்கை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன்.

மண் வேண்டாம் அத்தை. நான் கேட்டதையே மறந்துவிடுங்கள். இத்தனை நாள் ஒருத்தியாகச் சுமந்ததை இறக்கிவைக்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை, அதனால்தான் எழுதிவிட்டேன். சங்கராந்தி அன்று காலை பஸ்ஸில் வருகிறோம். திட்டுவதை முகத்துக்கு நேரே திட்டுங்கள்.

உங்கள்
ஜெசிந்தா


வரதய்யபாளையம்
19-1-2026

ஜெசிந்தா, என் மகளே,

சங்கராந்தி அன்று நீ வாசலில் நின்றபோது நான் உள்ளே அடுப்படியில்தான் இருந்தேன். "அம்மா ஊர்ல இல்ல" என்று சுதீர் உன்னிடம் சொன்னது பொய். ஜோஷிதா "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டதும் கேட்டது. இந்தச் செவிட்டுக் காதுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. நான் எழுந்து வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு மட்டும்தான் எழுதினாய். மனசு தாங்காமல் நான்தான் சுதீரிடம் வாய்விட்டேன். அவன் என் கொழுந்தனார் விஜயராகவனிடம் சொல்லிவிட்டான். அன்றைக்குப் படையலுக்கு மூணு இலைதான் போட்டார்கள். என் மாமனாருக்கு, மாமியாருக்கு, உன் மாமாவுக்கு.

"டேய், உங்க அண்ணனுக்கு?" என்றேன்.

"அண்ணன் வேற சாமிகிட்ட பூட்டாரும்மா. நைனா பக்கத்துல அவருக்கு எப்படி எல போடறது?" என்றான்.

"பெத்தவ இருக்கறேன்டா, நான் போடறேன்."

"அண்ணி, நீ போட்டா இந்த வூட்டுல நாங்க யாரும் துன்ன மாட்டோம்" என்று கொழுந்தனார் எழுந்துவிட்டார்.

வீடு நிறைய ஜனம். கையில் இலையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாராவது ஒருத்தர் போடச் சொல்வார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் நீ வந்தாய். பிள்ளைக்கு ஓர் இலை போட முடியாதவள் எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பது?

மறுநாள் ஏரிக்கரைக்குப் போனேன். உனக்கு மண் எடுக்கத்தான். இந்த வருடம் மழை ஜாஸ்தி. ஏரி ரொம்பி, எரித்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. இடுப்பளவுக்கு இறங்கினேன். காலில் பட்டதெல்லாம் சேறு. எதை எடுத்து இதுதான் அவன் என்று உன்னிடம் கொடுப்பேன்? மாடு மேய்க்க வந்த கோவர்த்தனன் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து மேலே ஏற்றினான்.

இனிமேல் இந்த வீட்டுக்கு வராதே அம்மா. கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் குழந்தை முன்னால் இன்னொரு தரம் கதவைச் சாத்தக் கூடாது. நானும் திருப்பதி பஸ் ஏறமாட்டேன். சுதீர் போடும் சோற்றைத்தான் நான் தின்றாக வேண்டும்.

ஒன்றே ஒன்று எழுதி அனுப்பு. ஞானஸ்நானம் கொடுக்கும்போது வேறு பெயர் வைப்பார்களாமே. என் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? தண்ணீரில் நின்று ஹரி, ஹரி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவேளை இப்போது அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பானோ என்னவோ.

அத்தை
கிருஷ்ணம்மா