தோட்டாப் பெட்டி

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் பக்கம்தான் படித்தேன்.

பதுங்குகுழியில் காவல் நிற்கையில் காலுக்கடியில் ஒரு தோட்டாப் பெட்டியைப் போட்டுக்கொள்வேன். என் உயரத்துக்கு மணல்மூட்டைக்கு மேலே கண் எட்டாதே. ஆள் மாறும்போது அதை எடுத்துவிட வேண்டும். உன் தம்பி நெட்டை. அதன்மேல் ஏறினால் மார்புவரை வெளியே தெரிவான்.

அன்று தன் முறைக்கு முன்பே ஓடி வந்தான். "மாமா, அக்கா லெட்டர் வந்திருக்கு. போய்ப் படிங்க, நான் நிக்கிறேன்" என்றான். பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

பக்கத்தைத் திருப்பும்போது, தாடை சிதறி என் மேல் விழுந்தான். கழுத்தை இரண்டு கையாலும் பொத்தினேன். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. அப்புறம் துப்பாக்கி கையைச் சுடும்வரை எதிர்ப்பக்கம் சுட்டேன். அங்கே எவனோ அலறினான். எனக்கு அது போதவில்லை.

உன் தம்பி பயமில்லாமல் நிமிர்ந்து நின்றான் என்று அதிகாரி எழுதியிருப்பார். அத்தைக்கு அதையே படித்துக் காட்டு. நீ மட்டும் தெரிந்துகொள்: பெட்டியை நான் எடுக்கவில்லை.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது. பிரிக்க வரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாய்? தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாயா?

எந்த முகத்தோடு வருவது என்று தெரியாத,
உன் வீட்டுக்காரன்