சுத்தப் பிரதி

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

வீட்டுப் பொதுக்குழு நேற்றுக் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், என் சாய்வு நாற்காலியைக் கழிவறைக் கதவருகே மாற்றுவது என்று தீர்மானம் நிறைவேற்றியது. உன் அம்மா முன்மொழிந்தாள், அண்ணன் வழிமொழிந்தான். நான் அப்போது உள்ளே இருந்ததால் வாக்களிக்க முடியவில்லை. எல்லாம் நீ வாங்கச் சொன்ன பாகு மருந்தின் மகிமை. முப்பத்தாறு வருடம் பதிவு அலுவலகத்தில் பத்திரங்களைப் பதிந்தவன், இன்று ‘காலை இரண்டு, மாலை ஒன்று’ என்று நோட்டில் பதிகிறேன்.

கதவருகே வசிக்கும்
அப்பா

மார்ச் 17

அன்புள்ள அப்பா,

கேலி இருக்கட்டும், மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். உங்கள் ஈரலால் ரத்தத்திலிருக்கும் அம்மோனியாவைக் கழிக்க முடியவில்லை. அந்தப் பாகுதான் அதை வயிறு வழியாக வெளியேற்றுகிறது. தேங்கினால் மூளைக்கு ஏறும். பகலில் தூக்கம் வரும், கையெழுத்து கோணும், பிறகு நினைவு தப்பும். எங்கள் வார்டில் இந்த நோயாளிகளைத் தினமும் ஒரு வரி எழுதவைத்துப் பார்ப்போம். நீங்களும் வாராவாரம் உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுத்து நடுங்கினால் அன்றே கிளம்பிவிடுவேன். மே மாத விடுப்பைக் கையில் வைத்திருக்கிறேன்.

உங்கள்
நர்சம்மா

ஏப்ரல் 9

அன்புள்ள மகளுக்கு,

ரத்தப் பரிசோதனையில் அம்மோனியா 142 என்று வந்திருக்கிறது. பரீட்சையில்கூட நான் இவ்வளவு வாங்கியதில்லை. எடுத்த ரத்தம் ஐஸ் இல்லாமல் மேசைமேல் ஒரு மணி நேரம் கிடந்தது. அங்கே எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உன் அம்மா, “பகல்லயே தூங்கி விழறீங்களே, என்னங்க ஆச்சு?” என்கிறாள். ஓய்வு பெற்றவன் வேறு எப்போது தூங்குவான்?

அப்பா

ஏப்ரல் 22

அன்புள்ள அப்பா,

ஐஸில் வைக்காத ரத்தத்தில் அந்த எண் தானாகவே ஏறும். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு சுழி பிசகவில்லை. நான் அதைத்தான் நம்புகிறேன். மே விடுப்பைத் தோழிக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், அவளுக்குக் கல்யாணம். ஆகஸ்டில் வருகிறேன்.

நர்சம்மா

ஜூன் 2

அன்புள்ள அப்பா,

பதினாறாம் நாள் காரியம் முடித்து உங்களை அனுப்பிவைத்துவிட்டு நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பினேன். கிளம்பும்போது அண்ணன் ஒரு உறையைக் கையில் திணித்தான். உள்ளே உங்கள் வரைவுகள்.

“அப்பா என்னைக்குடி வரைவை வெளியே அனுப்பியிருக்காரு? ‘சுத்தப் பிரதி எடுடா’ன்னாரு, எடுத்தேன். தப்பையெல்லாம் திருத்திதான் அனுப்பினேன்” என்றான். வெகு நேரம் அழுதான்.

எங்கள் இருவருக்கும் நீங்கள் தலையில் குட்டிப் பழக்கியது உங்கள் எழுத்தைத்தானே! அவன் எழுதியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் வரைவுகள் நேராக இருக்கின்றன. ஏப்ரல் ஒன்பதில் ‘அன்புள்ள மகளுக்கு’ மூன்று முறை, ஒன்றைவிட ஒன்று கீழே சரிந்து. அடியில் ஒரு வரியை அண்ணன் அடித்திருக்கிறான். விளக்கில் பிடித்துப் படித்தேன்: ‘உன் அண்ணி வீட்டுச் சம்பந்திகள் வந்து தங்கியிருப்பதால் ஆறு நாளாக மருந்து எடுக்கவில்லை. நாற்காலியும் பழைய இடத்துக்கே போய்விட்டது.’

எங்கள் வார்டில் இன்று ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறோம். நோயாளிகள் அந்த ஒரு வரியை இனி நர்ஸின் கண் முன்னால்தான் எழுத வேண்டும்.

மகள்