வெள்ளைக் குஞ்சுகளுக்கு நான் சொல்லாத தீனி

அக்கா,

காலையிலிருந்து வீடெல்லாம் அவித்த முட்டை வாடை. புதிதாக வந்த வான்கோழிக் குஞ்சுகளுக்காக நறுக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வாடை மூக்கில் ஏறினாலே உங்கள் மேல் ஆத்திரமாக வருகிறது. செத்துப்போன ஓரகத்தி மேல் என்னடி ஆத்திரம் என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் வான்கோழிக் குஞ்சு வாங்கினோம். எனக்கு நாட்டுக் கறுப்பு, உங்களுக்குப் பெருவெட்டு வெள்ளை. குவைத்திலிருந்து உங்கள் வீட்டுக்காரர், “இந்தத் தடவையும் தேறலைன்னா கொட்டகையைப் பிரிச்சிரு, அவ்வளவுதான்” என்று போனில் சொல்லியிருந்தார். உங்களுக்கென்று இருந்ததே அந்தக் கொட்டகை ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இலுப்பூரில் கால்நடை டாக்டரம்மா வகுப்பு நடத்திய அன்று உங்கள் மகளுக்குக் காய்ச்சல். “நீ போயிட்டு வந்து எனக்குச் சொல்லு தங்கச்சி” என்றீர்கள். டாக்டரம்மா வெள்ளையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். மளமளவென்று வளர்கிற இனம், முதல் மாதம் சத்தான தீனி விழாவிட்டால் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்த வளர்த்தி வராது. நாட்டுக் கறுப்பு மெதுவாக வளர்வது, கொஞ்சம் காய்ந்து கிடந்தாலும் மேய்ந்து தேற்றிக்கொள்ளும் என்றார். குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது, முட்டையை அவித்துப் பொடியாக நறுக்கி ஊட்டிப் பழக்குங்கள் என்றார்.

வந்து நான் என்ன சொன்னேன்? “குருணையும் கம்பும் போதுமாம்க்கா. எல்லாக் குஞ்சும் ஒண்ணுதானாம்.”

ஊரே உங்கள் வெள்ளையைப் பார்க்க வந்து வாயைப் பிளந்து நின்றதே, அந்த வயிற்றெரிச்சல். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. என் கறுப்புக் குஞ்சுகளுக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு முட்டை ஊட்டினேன்.

இரண்டு மாதத்தில் உங்கள் குஞ்சுகள் கால் வளைந்து குந்திக் கிடந்தன. “என்னத்தா, கொக்கு வளக்குறியா?” என்று சிரித்தார்கள். பயந்துபோய்க் கம்பெனித் தீனி வாங்கிப் போட்டீர்கள். தின்றன, தேறவில்லை. கொட்டகையைப் பிரித்தார்கள், நீங்கள் முந்திரி உடைக்கப் போனீர்கள். கொட்டைப் பால் பட்டுத் தோலுரிந்த அந்தக் கையால் எனக்குச் சோறு போட்டீர்கள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்திருந்தேன். போன மாதம் உங்கள் முப்பதாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரம் கழுவும்போது உங்கள் மகள்தான் சொன்னாள்.

“அம்மாவுக்குத் தெரியும் சித்தி. நாலு வருஷத்துக்கு முந்தியே திருமயம் பஸ்ல அந்த டாக்டரம்மாவப் பாத்துக் கேட்டுச்சாம். முட்டை குடுக்கச் சொல்லி வகுப்புலயே சொன்னேனேம்மான்னாங்களாம்.”

கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தேன். “ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?”

“நான் சண்டைக்கு வாரேன்னுதான் நின்னேன். அம்மா விடல. ‘எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுபோச்சுன்னா அவ என் மூஞ்சில முழிக்க மாட்டா. எனக்கு இங்கிட்டு வேற யாரு இருக்கா’ன்னு சொல்லிச்சு.”

நாலு வருஷம்! தெரிந்துகொண்டே நாலு வருஷமும் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டீர்களே, பாவி அக்கா. அந்தக் குரல்தான் இப்போது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஒரு நாளாவது என் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் வைத்து நாலு அறை விட்டிருக்கக் கூடாதா? அங்கேயே காலில் விழுந்து அழுதிருப்பேனே. இனி யாரிடம் போய் அழுவேன்?