டெங்கில் பண்ணைக்குப் போகிற காலை

பிள்ளைகள் இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். லோகேஸ்வரி காலண்டர் தாளைக் கிழித்து, அறையில் கதவைச் சாத்திப் படுத்திருந்த கணவன் ஜெயராஜுக்கு எழுதினாள்.

"என்னங்க, பிள்ளைங்கள டெங்கில்ல இருக்கிற ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க துணிமணியெல்லாம் எடுத்துட்டு வீட்ட விட்டுப் போறத அதுங்க பார்க்க வேணாம். சாயங்காலம்தான் வருவோம். ரைஸ் குக்கர்ல சோறு இருக்கு. ஐஸ்பெட்டியில கோழிப் பிரட்டல் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிட்டுப் போங்க. கிரில் சாவிய மீட்டர் பெட்டிக்குள்ள வச்சிடுங்க. ராத்திரி பேசினத நான் மறுபடி பேச வரல. நீங்க எப்பவோ முடிவு பண்ணிட்டீங்க. எனக்குத்தான் லேட்டா தெரிஞ்சுச்சு."

மூத்தவன் கிஷன் உள்ளே வந்தான்.

"அப்பா வரலையாம்மா?"

"அப்பாவுக்கு வேலை இருக்குலா."

"அப்ப அடுத்த வாரமும் போலாம். அப்பாவும் ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்கட்டும்."

"சரி" என்றாள்.

அவன் போனதும் தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"அடுத்த வாரம் நீங்களும் வரணுமாம். சரின்னுட்டேன். நீங்களே போன் பண்ணி அவன்கிட்ட சொல்லிடுங்க. என்னால முடியாது."

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"உங்க தலகாணிய மட்டும் விட்டுட்டுப் போங்க. பாப்பா அதுல படுத்தாத்தான் தூங்குறா."

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. அவன் விழித்துத்தான் இருந்தான். லோகேஸ்வரி கொஞ்ச நேரம் நின்றாள். கதவு திறக்கவில்லை. தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காருக்குப் போனாள்.