இரண்டு பொட்டலம்

ஆவணி 2, திங்கள்

மழை மிரட்டிவிட்டுப் போனது. கம்பெனியில் குழந்தை பனியன் ஒரு கட்டு திரும்பி வந்தது. கழுத்து விரியவில்லை, தலை நுழையாது. மதியம் தம்பி செந்திலுடன் கோவை. அவன் மகள் நிலாவுக்கு எக்கோ, நெஞ்சு ஸ்கேன். எட்டு வயது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறாள்.

டாக்டரம்மா சொன்னது: இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு, பிறவியிலேயே குறுகல். முழுதாகத் திறப்பதில்லை. இதயம் முக்கித் தள்ளித் தள்ளி, சதை தடித்துவிட்டது.

"கழுத்து விரியாத பனியனுங்களா?" என்றேன்.

"அதேதாங்க. தொடை வழியா பலூன் விட்டு விரிச்சிருவோம். தள்ளிப் போடாதீங்க. அதுவரைக்கும் ஓட விடாதீங்க."

செக்கிங் மேஜையில் தேய்த்த காலத்துக்கு இன்றுதான் ஒரு பிரயோஜனம்.

ஆவணி 4, புதன்

வெயில். செந்தில் வீட்டில் சொந்தக்காரர் கூட்டம். போண்டா மணத்தது, பேச்சு நாறியது.

"பொட்டப்புள்ளைங்க. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" இது பெரிய மச்சான். தனக்கு மூக்கடைத்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்.

முடிவு: குலதெய்வத்திடம் பூக் கேட்பது. வெள்ளை வந்தால் பலூன். சிவப்பு வந்தால் வேண்டாம். பெற்றவள் கவிதாவை ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறந்தேன், இன்னொரு போண்டாவுக்கு. சீ.

ஆவணி 6, வெள்ளி

கோயிலில் காற்று. ஒரு பொட்டலத்தில் மல்லி, இன்னொன்றில் செவ்வரளி. பூசாரி சாமி முன் வைத்தார். குழந்தை கையால் எடுப்பதுதான் வழக்கம். வேறு குழந்தையா இல்லை? நிலாவையே எடுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் குனிந்திருந்து எடுத்தாள். சிவப்பு.

செந்தில் முகத்தில் நிம்மதி!

வேன் ஏறும்போது கவிதா: "மாமா, நீங்களாச்சும் ஏதாவது பண்ணுங்க." ஊர்வம்புக்கே நேர்ந்துவிட்ட வாய் இது. இதை நம்புகிறாளே.

ஆவணி 13, வெள்ளி

அமாவாசை நெருக்கத்தில் கேட்ட பூ செல்லாது என்று கிளப்பிவிட்டது நான்தான். என் சரக்கு பக்கத்து ஊர் வீரபாண்டி வரை போய், ஜோசியர் சொன்னதாக எனக்கே திரும்பி வந்தது. ஆக, மறுபடி பூ. பொட்டலம் கட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் மல்லி.

நிலா குனிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

மற்றது என் வேட்டி மடிப்பில். சாமியிடமே தில்லுமுல்லு. மச்சானிடம் பேசி ஜெயிக்க வக்கில்லாதவனுக்கு வேறென்ன வழி?

ஆவணி 23, திங்கள்

கோவை. தூறல். பலூன் நல்லபடி முடிந்தது. வால்வு விரிந்துவிட்டது, ஆனால் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும்.

வராந்தாவில் செந்தில் போனில்: "நான் அப்பவே தைரியமா முடிவு பண்ணிட்டனுங்க. சாமியும் உத்தரவு குடுத்துருச்சு."

சகிக்கவில்லை. உள்ளே போய் நிலா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரீப்பா, ரெண்டாவது வாட்டி ரெண்டுலயும் மல்லி வாசம்."

"அரளியும் மணக்கும் கண்ணு."

"பொய். மொத வாட்டி வாசமில்லாததாப் பாத்துத்தான் எடுத்தேன். எனக்கு ஊசின்னா பயம்."