"தெரியுதுங்க, டாக்டரம்மா"

மாமா,

நேரில் பேசினால் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் சட்டைப் பையில் இதை வைக்கிறேன்.

தறியில் மணிக்கட்டு நரம்பு அறுந்ததிலிருந்து உங்கள் வலது கைவிரல்களில் உணர்ச்சி இல்லை. அறுந்த நரம்பை மறுபடி வளரத் தூண்டும் மருந்து இது, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று சொல்லித்தானே டாக்டரம்மா ஊசி போட்டார்? இன்று உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, விரலைத் தொட்டுச் சோதிக்கும் மெல்லிய நைலான் இழையை எடுத்துக்கொண்டு, "இப்பத் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, நல்லாத் தெரியுதுங்க."

அவர் தொடவே இல்லை, மாமா! இழை அவர் கையிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் மனசு நோகக்கூடாதென்றா சொன்னீர்கள்? கல்யாண வீட்டுச் சாப்பாடா இது, பிடிக்காவிட்டாலும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வர? நரம்பு வளரவில்லை என்று தெரிந்தால்தானே அவர் வேறு வழி பார்ப்பார்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே கையால் என் கையைப் பிடித்து, "உன்ற கை கதகதன்னு இருக்குது புள்ள" என்றீர்கள்.

ஜன்னலோரம் மழையில் நனைந்து சில்லிட்டுப் போயிருந்த கை அது, மாமா.

உங்கள் வீட்டுக்காரி