உன் மின்முனையில் என் நீலம்

அந்தோணி மச்சானுக்கு,

ஏழு மாதமாக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருதலைச் சண்டை. நீ ஈசிஆரில் பைக்கோடு விழுந்து போய்விட்டாய். உன் கட்டுரை என் தலையில் விழுந்தது.

நினைவிருக்கிறதா? அஸ்கார்பிக் அமிலமும் யூரிக் அமிலமும் வெறும் கார்பன் மின்முனையில் அளந்தால் வரைபடத்தில் ஒரே மேடாகக் குழம்பும். நீ படலம் பூசிய முனையில் இரண்டும் தனித்தனியே எழுந்தன. திரையைப் பார்த்துக் கத்தினாய்: "டேய் மச்சான், இன்னாடா இது, கடற்கரக் கோயிலு மாதிரி ரெண்டு கோபுரம் நிக்குது!"

கட்டுரையை அனுப்பிய ஆய்விதழ் கேட்டது ஒன்றுதான். புதிய மின்முனை செய்து மறுபடி அளந்து காட்டுங்கள்.

உன் நோட்டில் இருந்தபடியே செய்தேன். அமிலம் காற்றில் கெடும் என்று தினமும் காலையில் புதிதாகக் கரைத்தேன். மேடு. மறுநாளும் மேடு. மாமல்லபுரம் கடற்கரையில் நெல்லிக்காய் வாங்கிப் பிழிந்த சாற்றில் யூரிக் அமிலம் கலந்தாலும் மேடு. "டெய்லி வாங்கினு போறியே, ஒண்ணு கூட துன்ன மாட்றியே, இன்னாதான் பண்ற?" என்றார் விற்கிற அக்கா. 

எதை எழுதாமல் விட்டாய்? ஏன்?

போன வாரம் நம் நெறியாளர் மெதுவாகக் கேட்டார்: "அந்தோணி டேட்டால கை வெச்சிருப்பானோ?"

'இல்லை' என்று நான் சொல்லவில்லை, மச்சான். உன் நோட்டை எடுத்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன்.

ஞாயிறு கோவளம் போனேன். உன் அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். "புள்ள பேரு பொஸ்தவத்துல வரும்னு சொல்லிகினே கீற. இன்னா தம்பி, வராதா?"

"வரும்மா."

"அவன் பொய் சொல்ற புள்ள இல்ல." நான் கேட்கவேயில்லை. அவராகச் சொன்னார்.

அரிந்து முடித்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து மாட்டினார். "வேல முட்ஞ்சதும் கழுவி வெச்சிடணும். காலைல தூக்கினு போயிகினே இருக்கணும். அவனுக்கும் இதே பயக்கம்."

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

நீ பழைய படலம் போக முனையைத் தேய்த்து மெருகேற்றுவது வேலை முடிந்த பின். வலையைக் கழுவிக் காயப்போடுகிற வீட்டுப் பிள்ளை. மறுநாள் காலை அலசிவிட்டு நேரே தொடங்குவாய். நான் தொடங்கும் முன்தான் மெருகேற்றுவேன். முடித்ததை அப்படியே போடுவேன். எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வந்து என் நோட்டைத் திறந்தேன். உன் கோபுர நாளுக்கு முந்தைய பக்கம்: "மெத்திலீன் நீலச் சாயப் படலம் பூசிப் பயிற்சி. என் முனையில் கீறல். அந்தோணியுடையதில் செய்தேன். அலசி வைத்தேன்." நீல நைலான் நூல் கட்டிய உன் முனை. அன்று நீ மதியமே அதை மெருகேற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாய். கேட்காமல் எடுத்தேன். சொல்லவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத என் நீலப் படலத்தின் மேல் உன் படலம். ஒவ்வொரு காலையும் நான் ஒழுங்காகத் தேய்த்துத் தொடங்கிய புதிய முனைகளில் அந்த நீலம் இருக்க வழியே இல்லை.

இன்று அதே தப்பை வேண்டுமென்றே செய்தேன். இரண்டு கோபுரம். மூன்று முனையிலும்.

இப்போது நீ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டவேண்டும். ஏழு மாதம், மச்சான்! என் சோம்பலைத் தேடி உன் நோட்டைக் கிழியக் கிழியப் படித்திருக்கிறேன். திட்ட ஆளில்லை. 

"அடில நீலம் போட்டது நம்ம ஐடியான்னே எழுதிடு, நீட்டா இருக்கும்" என்கிறார் நெறியாளர். மாட்டேன். அடிப் படலம் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியரான நான் மெருகேற்றாமல் வைத்ததால் வந்தது, முதல் ஆசிரியரான நீ பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாய் என்று செய்முறைப் பகுதியில் இருக்கும். திருப்பி அனுப்பினால் வேறு இடத்துக்கு அனுப்புவேன். அந்த வரி மாறாது. அச்சில் வந்ததும் உன் அம்மாவுக்கு அதை நான்தான் படித்துக் காட்டுவேன்.

உன் முனையை மெருகேற்றி வைத்துவிட்டேன். இன்று, வேலை முடிந்ததும்.

கேட்காமல் எடுத்த
உன் மச்சான்
பிரபு